துருவப் பனி ஆய்வுக்குழுவில் சேர விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு மாடிகளில் நின்றால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட் வடதிசை வானில் ஏறிச் செல்வதைப் பார்க்க முடியும். 2013 பிப்ரவரி 25 அன்று சரல் செயற்கைக்கோளும், 2025 ஜூலை 30 அன்று நிசார் செயற்கைக்கோளும் அங்கிருந்துதான் ஏவப்பட்டன; இரண்டுமே துருவப் பனியை அளக்க உதவுபவை. கருவிகள் இவ்வளவு அருகிலிருந்து புறப்பட்டும், பனிக்கட்டி மலையைக் கண்ணால்கூடப் பார்த்திராத நமக்கு அந்தத் துறையில் என்ன இடம் இருக்கப்போகிறது என்று எண்ணி, வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் இயற்பியல், வேதியியல் படிக்கும் மாணவர்கள் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் மிகுந்த இழப்பைத் தருவது இதுதான்.

விண்ணப்பிக்கத் துணிபவர்கள் செய்யும் தவறு வேறு வகையைச் சேர்ந்தது. பேராசிரியருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே, அண்டார்க்டிகாவுக்குச் செல்ல வேண்டும் என்பது தம் சிறுவயதுக் கனவு என்று தொடங்கி, அதையே சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்தியாவுக்கு அண்டார்க்டிகாவில் 1989 முதல் மைத்ரி, 2012 முதல் பாரதி என இரண்டு நிலையங்களும், ஆர்க்டிக்கில் நி-ஓலசுண்ட் என்ற ஊரில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையமும் உள்ளன. அங்கே யார் செல்வது என்பதை ஆய்வுத்திட்டத்தின் தேவையைக் கொண்டும், கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் ஏற்பாட்டைக் கொண்டும், மருத்துவப் பரிசோதனையைக் கொண்டும், உத்தராகண்டின் அவுலியில் நடக்கும் பனிப்பயிற்சியைக் கொண்டும் முடிவு செய்கிறார்கள். களத்தில் கழியும் காலம் பெரும்பாலும் சில மாதங்கள். அங்கே சேர்த்த தரவுகளோடு மேசையில் கழியும் காலமோ பல ஆண்டுகள். ஆகவே அந்தக் குழு அண்மையில் வெளியிட்ட கட்டுரை ஒன்றையாவது முழுதும் படித்து, அதில் புரியாத ஓர் இடத்தைக் குறித்துக் கேட்கும் கடிதத்துக்கே மறுமொழி வரும் வாய்ப்பு அதிகம். ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி முப்பது பேருக்கு அனுப்புவது, படிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் சிந்திப்பவருக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. நாம் மார்கழிக் காலையில் புல்லின்மேல் படிவதையும் பனி என்கிறோம், இமயத்தில் பொழிவதையும் பனி என்கிறோம், துருவத்தில் கிலோமீட்டர் கணக்கில் தடித்துக் கிடப்பதையும் பனி என்கிறோம். ஆய்வில் இவை வெவ்வேறு பொருள்கள். புதிதாகப் பொழிந்த வெண்பனி ஒரு கனமீட்டருக்கு 100 கிலோ அளவில்கூட இருக்கலாம். காசிமேட்டில் உடைத்துப் படகில் ஏற்றும் ஐஸைப் போன்ற திண்மையான பனிக்கட்டியோ 917 கிலோ இருக்கும். இரண்டுக்கும் இடையில், ஒரு கோடையைத் தாண்டியும் உருகாமல் இறுகிவரும் ஃபிர்ன் என்ற நிலை உண்டு. அடர்த்தி 830 கிலோ அளவை எட்டும்போதுதான் அதன் இடுக்குகளிலுள்ள காற்று வெளியேற வழியின்றிக் குமிழிகளாக அடைபடுகிறது. அதுவரை அது வெளிக்காற்றோடு கலந்துகொண்டே இருப்பதால், குமிழிக்குள் இருக்கும் காற்றின் வயது, அதைச் சூழ்ந்த பனிக்கட்டியின் வயதைவிடக் குறைவு. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொள்ளாமல், துளையிட்டு எடுத்த பனிக்கட்டி உருளைகளைக் கொண்டு 8,00,000 ஆண்டுகாலத் தட்பவெப்பத்தை எப்படிக் கணித்தார்கள் என்று பேச முற்படுபவர் நேர்காணலில் இடறிவிடுவார்.

அடுத்த தவறு எனக்கு மனவருத்தம் தருவது, ஏனெனில் அது நம் ஊரின் மீதுள்ள பற்றிலிருந்து பிறக்கிறது. எண்ணூர் சாலையோரம் வளர்ந்த மாணவர் ஒருவர், கடல் தம் தெருவை அரித்துக்கொண்டு போனதற்குத் துருவப் பனி உருகுவதே காரணம் என்றும், அதனாலேயே இத்துறைக்கு வருவதாகவும் தம் விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். வடசென்னைக் கரையின் அரிப்புக்கு முதன்மையான காரணம் துறைமுகம்: கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் அலைத்தடுப்புச் சுவர்கள் மறித்ததால், தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் தொடங்கி மணல் வரத்துக் குறைந்து கரை தேய்ந்தது. கடல்மட்ட உயர்வு உண்மையே, அது இந்தத் துயரத்தைக் கூட்டவும் செய்யும். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத விண்ணப்பம், ஆய்வாளரின் நம்பிக்கையை இழந்துவிடும். இதே போன்றதுதான் மிதக்கும் பனியையும் நிலத்தின்மேல் உள்ள பனியையும் குழப்புவது. ஆர்க்டிக் கடலின்மேல் மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் ஏறத்தாழ மாறாது. கிரீன்லாந்தின் பனி முழுதும் உருகினால் சுமார் 7 மீட்டரும், அண்டார்க்டிகாவின் பனி முழுதும் உருகினால் சுமார் 58 மீட்டரும் உயரும். அந்த உயர்வும் எங்கும் ஒரே அளவில் இராது: பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருப்பதால், அது கரையும்போது அருகில் நீர்மட்டம் தாழ்ந்து, தொலைவிலுள்ள கரைகளில் கூடுதலாக ஏறும். எண்ணூரைப் பற்றி எழுத விரும்பும் மாணவர் எடுத்துக்கொள்ளத் தகுந்த கேள்வி இங்கே இருக்கிறது.

கணிதத்தையும் கணினி நிரலாக்கத்தையும் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் பெரும் தவறாகும். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவரும் கடற்பனிப் பரப்பின் தரவுகளை அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள தரவு மையம் கட்டணமின்றித் தருகிறது. பைத்தான் என்ற நிரல்மொழியும், வரைபடம் தயாரிக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஆர்க்டிக் கடற்பனியின் செப்டம்பர் மாதத் தாழ்வளவை ஆண்டுவாரியாக வரைந்து அனுப்பிய மாணவருக்குக் குழுவில் இடம் கிடைத்ததை நான் அறிவேன். அப்படி வரையும்போது, அண்டார்க்டிகாவில் தாழ்வளவு வருவது பிப்ரவரியில் என்பதை மறந்து இரண்டையும் ஒரே மாதத்தில் ஒப்பிட்டுவிடக் கூடாது. உயர அளவுகளிலும் கவனம் வேண்டும்: ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் அனுப்பும் லேசர் ஒளி வெண்பனியின் மேற்பரப்பிலிருந்தே திரும்புகிறது, கிரையோசாட்-2 செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலை வெண்பனிக்குள் ஊடுருவிச் செல்லக்கூடியது. இரண்டு எண்களையும் நேரடியாகக் கழித்து, பனி உருகிவிட்டது என்று முடிவு கட்டுவது தொடக்கநிலையினர் பலர் செய்யும் பிழை.

புவியியல் படித்தவர்களுக்கு மட்டுமே இது உரியது என்பதும் தவறான எண்ணம். ரேடார் கருவிகளுக்கு மின்னணுவியலாரும், பனிக்கட்டியிலுள்ள தூசியையும் அயனிகளையும் அளக்க வேதியியலாரும், அதில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய நுண்ணுயிரியலாரும் தேவைப்படுகிறார்கள்.

இடம் கிடைத்தவுடன் மகிழ்ச்சியில் எதையும் கேளாமல் கையெழுத்திடுபவர்கள் பின்னால் வருந்துகிறார்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு, திட்டம் முடிந்துவிட்டால் என்ன ஏற்பாடு, சேகரித்த தரவில் யாருக்கு உரிமை, கட்டுரையில் பெயர் இடம்பெறும் முறை என்ன என்பவற்றைப் பணிவாக, எழுத்தில் கேட்பதில் தவறேதும் இல்லை. இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்பட்டதால் ஓர் ஆண்டு உழைப்பு என் கையை விட்டுப் போனது. அதே குழுவில் ஏற்கெனவே படிக்கும் மாணவர் ஒருவரிடம் தனியே பேசிப் பார்ப்பது இதைவிடவும் பயன் தரும்.

களப்பயண வாய்ப்பு வரும்போது ஆஸ்துமாவையோ, முன்பு நடந்த அறுவைச் சிகிச்சையையோ மறைக்க வேண்டாம். மருத்துவ வசதி சிறிதளவே உள்ள நிலையத்தில், புயல் அடிக்கும் நாளில் விமானம் வர இயலாது. மறைத்தவரைக் காப்பாற்றப் போகிறவர்களின் உயிரும் அதில் பணயமாகிறது. உடல்நிலை இடம்கொடுக்கவில்லை என்றால், செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு இங்கிருந்தே செய்யும் தொலையுணர்வுப் பணி இருக்கிறது. வீட்டாரிடமும் தேர்வான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. குளிர்காலத்திலும் அண்டார்க்டிகா நிலையத்திலேயே இருக்கும் குளிர்காலக் குழுவில் தங்குபவர் ஓர் ஆண்டுக்கு மேல் திரும்பி வர முடியாது என்பதையும், இடையில் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் வர இயலாது என்பதையும், விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.