டுவார்க்கினை வாசிக்கிறவர்கள் விழும் குழிகள்

உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் சட்டம் படிக்கும் நாலைந்து பிள்ளைகள் கூடுவார்கள். போன கிழமை அமெரிக்கச் சட்டத் தத்துவவாதி ரொனால்ட் டுவார்க்கின் பற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். இருபது வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே பிழை, கிட்டத்தட்ட அதே வசனத்தில். ஆண்டு மாறுவது, பெயர் பிழைப்பது போன்ற சில்லறைப் பிழைகளை விடுகிறேன். அவை தானாகத் திருந்தும்.

'மனச்சாட்சிப்படி தீர்ப்பளிக்கலாம்' என்று எழுதுவது

"சட்டம் பேசாத இடத்தில் நீதிபதி தன் மனச்சாட்சிப்படி தீர்ப்பளிக்கலாம் என்கிறார் டுவார்க்கின்." இந்த வசனத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விதிகள் தீருகிற இடத்தில் நீதிபதிக்குத் தற்றுணிபு, அதாவது தானே முடிவெடுக்கும் சுதந்திரம் உண்டு, அங்கே அவர் புதிதாகச் சட்டம் ஆக்குகிறார் என்றவர் ஆங்கிலேயச் சட்டத் தத்துவவாதி ஹார்ட், 1961இல். 1967இல் டுவார்க்கின் மறுத்ததே அதைத்தான். விதிகள் முடிந்தாலும் சட்டம் முடிவதில்லை. கோட்பாடுகளும் சட்டம்தான், அவையும் நீதிபதியைக் கட்டும் என்பது அவர் வாதம்.

இதற்கு டுவார்க்கின் உதாரணம் காட்டும் ரிக்ஸ் எதிர் பாமர் வழக்கின் கதையை எல்லோரும் அழகாக எழுதுகிறார்கள். பாட்டன் மரணசாசனத்தை மாற்றிவிடுவார் என்று பயந்த பேரன் எல்மர், 16 வயதில், 1882இல் அவருக்கு நஞ்சு வைத்தான். கொலைகாரனுக்குச் சொத்தில்லை என்று அன்றைய மரணசாசனச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. தன் குற்றத்தால் தானே இலாபம் அடைய முடியாது என்று 1889இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொத்தை மறுத்தது.

"பார்த்தீங்களா சேர், மனச்சாட்சி!" என்று இங்கேதான் குதிக்கிறார்கள். சரி, தீர்ப்பை எழுதிய நீதிபதி ஏர்ல் எதைக் கூப்பிட்டார்? தீர்ப்புகளால் வளர்ந்த பொதுச்சட்டத்தில் ஏற்கெனவே ஊறிக் கிடந்த ஒரு கோட்பாட்டை. மாறுபட்ட நீதிபதி கிரே, மரணசாசனம் முறைப்படி செய்யப்பட்டது, சட்டம் தெளிவு என்றார். இரண்டு பேரும் சட்டத்தைப் பின்பற்றுவதாகத்தான் சொன்னார்கள். அவர்களுக்குள் சண்டை, சட்டம் என்ன என்பதில். 1986இல் டுவார்க்கின் 'சட்டத்தின் பேரரசு' நூலில் இந்த வழக்கைத் திரும்ப எடுத்தது இதைக் காட்டத்தான். இந்தப் பகுதியை மட்டும் ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறார்களோ தெரியாது.

பரீட்சையில் எனக்குப் போன புள்ளிகள் பரவாயில்லை. கனிஷ்ட சட்டத்தரணியாக ஒரு காணி வழக்கில் "நியாயம் எங்கள் பக்கம்" என்று பத்து நிமிடம் உருகினேன். வெளியே வந்ததும் சீனியர் கேட்டார்: "தம்பி, நியாயம் சரி. அதைச் சட்டத்துக்குள்ள எங்க கண்டனீர்? ஒரு தீர்ப்புச் சொல்லும் பாப்பம்." என்னிடம் ஒன்றும் இல்லை. டுவார்க்கின் கேட்பதும் அதுவே. நீதிபதி சொல்லும் விளக்கம் முதலில் பழைய தீர்ப்புகளோடு பொருந்த வேண்டும். பொருந்துகிறவற்றில் எது அவற்றை நன்றாக நியாயப்படுத்துகிறது என்பது அதற்குப் பிறகுதான். பலர் சேர்ந்து எழுதும் தொடர்கதையை அவர் உவமை சொல்வார். ஐந்தாம் அத்தியாயம் எழுதுகிறவர் முதல் நாலையும் கிழித்துப்போட முடியாது.

உரிமை என்ற துரும்பு

உரிமைகள் சீட்டாட்டத் துரும்பு போன்றவை என்றார் டுவார்க்கின். உடனே உரிமை எப்போதும் எதையும் வெல்லும் என்று எழுதிவிடுகிறார்கள். முன்னூற்றிநாலு சீட்டு விளையாடத் தெரிந்தவர்களுக்கே இதில் தடுமாற்றம். கேட்ட இனம் கையில் இருக்கும்போது துரும்பால் வெட்ட விடுவார்களா? டுவார்க்கினின் துரும்புக்கும் ஒரு இடம் உண்டு. 'பெரும்பான்மைக்கு நன்மை' என்ற காரணத்தை மட்டும் காட்டி ஒருவரின் உரிமையைத் தள்ள வரும்போது அது வெட்டும். எதிரே இன்னொருவரின் உரிமை நின்றால் கதை வேறு.

ஹெர்குலிஸ்

டுவார்க்கின் எழுத்தில் எல்லாம் அறிந்த நீதிபதியாக வருபவர். அப்படி ஒரு நீதிபதி இருக்கவில்லை. கற்பனைப் பாத்திரம். எந்த நீதிமன்றம் என்று தேடாதீர்கள்.

ஆன்ட்ரியா டுவார்க்கின்

பெண்ணிய எழுத்தாளர். வேறு ஆள்.

சிப்பி ஏலம்

வளங்களைச் சமமாகப் பகிர்வது எப்படி என்று காட்ட டுவார்க்கின் சொல்லும் கதை இது. தீவில் ஒதுங்கியவர்கள் சம எண்ணிக்கைச் சிப்பிகளை வைத்து வளங்களை ஏலம் எடுக்கிறார்கள், அடுத்தவர் பங்கைப் பார்த்து யாரும் பொறாமைப்படாத வரைக்கும். இதோடு விடையை முடித்துவிடுகிறார்கள். அப்புறம் ஒருவருக்கு நோய் வந்தால்? அதற்குத்தான் அவர் காப்புறுதியைக் கொண்டுவருகிறார். அடுத்த சனிக்கிழமை அதை வாசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.