முதல்முறை ஒமகாசே சுஷி: முன்பதிவு முதல் லிஃப்ட் கதவு வரை

டோக்கியோவுக்கு வரும் நண்பர்கள் என்னிடம் பெரும்பாலும் இரண்டு விஷயம்தான் கேட்பார்கள். நல்ல சாம்பார் எங்கே கிடைக்கும் என்பது ஒன்று. ஒமகாசே சுஷி சாப்பிட ஆசை, ஆனால் அங்கே போய் ஏதாவது தப்பாகச் செய்து மானம் போய்விடுமோ என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு, நம் ஊர்க்காரர்கள் நிறைய பேர் குடியிருக்கும் நிஷி-கசாய் பக்கம் கையைக் காட்டிவிடுவேன். இரண்டாவதற்கு ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒமகாசே என்றால் 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று பொருள். மெனு அட்டை கிடையாது. அன்றைக்குச் சந்தையில் எது நன்றாகக் கிடைத்ததோ அதை வைத்து மாஸ்டர் முடிவு செய்வார். மீன் வைத்த சோற்றுக் கவளத்தை ஒவ்வொரு துண்டாகக் கையில் பிடித்து உங்கள் முன்னால் வைப்பார். கடையில் எட்டு, பத்து இருக்கைகள்தான் இருக்கும், எல்லாம் ஒரே மரப்பலகையை ஒட்டி. இரண்டு மணி நேரத்தில் பதினைந்து இருபது துண்டுகள் வந்துபோகும். இதில் பாதி வேலை கடைக்குப் போவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. உள்ளே போன பிறகு உண்மையில் ஒரே ஒரு விதிதான். அது படி 5-இல் வரும்.

படி 1: இது உங்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள்

சைவம் சாப்பிடுபவர் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மீனை மட்டும் ஒதுக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சூப், முட்டை, காய் எதை எடுத்தாலும் அதில் தாஷி என்ற சாறு இருக்கும். அதன் உயிர், சூரை இனத்து மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் கட்டையாகக் காயவைத்த கத்சுவோபுஷி. தூத்துக்குடி, ராமேஸ்வரம், இலங்கைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: மாசிக் கருவாடு. அதன் ஜப்பானிய உறவினர்தான் இது.

மது தவிர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். மீன்மேல் தடவும் சாஸில் சாகே என்ற அரிசி மதுவும் மிரின் என்ற இனிப்புச் சமையல் மதுவும் சேரும். பல கடைகளில் சோற்றில் கலக்கும் சிவப்பு வினிகரே சாகே வடித்த சக்கையிலிருந்து வருவது. இறால் ஒவ்வாமை இருந்தால் கடைசியில் வரும் முட்டைத் துண்டைக்கூட நம்பாதீர்கள். பழைய பாணி கடைகளில் அதில் இறாலை அரைத்துச் சேர்ப்பார்கள்.

மீன் பிடிக்கும், ஆனால் வருவதையெல்லாம் சாப்பிடும் துணிச்சல் இல்லை என்றால் வேறு இரண்டு வழிகள் உண்டு. 'ஒகோனொமி' என்றால் வேண்டியதை ஒவ்வொன்றாக நீங்களே கேட்டு வாங்குவது. 'ஒகிமாரி' என்றால் விலை குறித்து வைத்த செட். முதல்முறை வருபவர்களுக்கு ஒகிமாரி ஒன்றும் அவமானம் இல்லை.

பணம்? கின்சா மாதிரி ஆடம்பரக் கடைத்தெருவில் இரவு ஒமகாசே ஒருவருக்கு 25,000, 30,000 யென் என்பது சாதாரணம், அதற்கு மேலும் போகும். மதியம் பல இடங்களில் பாதிகூட ஆகாது. நான் எல்லோருக்கும் சொல்வது மதியத்தைத்தான். துண்டுகள் குறையும், ஆனால் கை அதே கை.

படி 2: முன்பதிவு

பெயர் பெற்ற கடையைத் துரத்தாதீர்கள். 2014 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் ஆபே, அமெரிக்க அதிபர் ஒபாமாவை அழைத்துப் போன சுகியாபாஷி ஜிரோ என்ற சுஷிக் கடை கின்சாவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் கையேட்டில் மூன்று நட்சத்திரம் வாங்கிய கடை. 2019-இல் மிஷலின் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. சுவை குறைந்ததால் இல்லை, பொதுமக்களிடம் முன்பதிவு வாங்காத கடையைப் பட்டியலில் வைத்து என்ன பயன் என்பதால். இந்த மாதிரி கடைகளுக்காக விரலை ஒடித்துக்கொள்வதைவிட, பெயர் தெரியாத நல்ல கடைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் ஊர் இது என்பதை நினைவில் வையுங்கள்.

வழிகள் இரண்டு. ஒன்று, தங்கும் ஹோட்டலின் வரவேற்பில் சொல்லிப் பதிவு செய்யச் சொல்வது. ஜப்பானிய மொழியில் அவர்கள் பேசிவிடுவார்கள், கடைக்காரருக்கும் நம்பிக்கை. இன்னொன்று டேபிள்செக், பாக்கெட் கன்சியர்ஜ் போன்ற இணையதளங்கள். கார்டு எண் கேட்பார்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத் தொகையும் போய்விடும் கடைகள் உண்டு. கேட்டால் அநியாயம் மாதிரி இருக்கும், ஆனால் எட்டு இருக்கையில் இரண்டு காலியானால் அன்றைய வியாபாரத்தில் கால்பங்கு போயிற்று. உங்களுக்கென்று வாங்கிய மீனை நாளைக்கு விற்கவும் முடியாது.

கிழமையையும் பாருங்கள். 2018 அக்டோபரில் த்சுகிஜியிலிருந்து தொயோசுவுக்கு மாறிய மீன் மொத்தச் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை, புதன்களிலும் பல நாள் விடுமுறை. சுஷிக் கடைகளின் விடுமுறையும் பெரும்பாலும் அதையொட்டித்தான் வரும்.

சாப்பிட முடியாதவற்றை முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். ஒமகாசேயில் இதுதான் நம் கையில் இருக்கும் ஒரே மெனு. உட்கார்ந்த பிறகு 'எனக்குக் கணவாய் ஆகாது' என்றால் மாஸ்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், ஆனால் காலையிலிருந்து அவர் போட்டு வைத்த வரிசை குலைந்துவிடும்.

படி 3: கிளம்பும்போது

சென்ட் வேண்டாம். வாசனை எண்ணெயும் வேண்டாம். மல்லிகைப்பூகூட அன்று ஒருநாள் பொறுக்கலாம். மெல்லிய மீன் வாசனையை எட்டுப் பேர் சேர்ந்து முகர்கிற சின்ன அறை அது. கோட்டு, டை அவசியமில்லை. சட்டை சுத்தமாக இருந்தால் போதும், அரைக்கால் சட்டை மட்டும் வேண்டாம்.

நேரம். பல கடைகளில் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் ஆரம்பிப்பார்கள். ஆறு மணி என்றால் ஆறு மணி. நான் முதல்முறை போனபோது கின்சா ஸ்டேஷனில் தப்பான வாசலில் ஏறி, சந்து சந்தாகச் சுற்றிப் பன்னிரண்டு நிமிடம் தாமதம். உள்ளே ஆறு பேர் கையைத் துடைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அரைமணி முன்னதாகப் போய்க் கட்டடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, பக்கத்தில் எங்காவது சுற்றிக்கொண்டிருங்கள்.

படி 4: உட்கார்ந்ததும்

சூடான ஈரத்துண்டு தருவார்கள், கையைத் துடைக்க. முகத்துக்கு இல்லை. மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் இருந்தால் கழற்றிப் பையில் வையுங்கள். அந்தப் பலகை பல கடைகளில் ஹினோகி என்ற மரம். ஒரே கட்டையில் அறுத்து, வார்னிஷ் அடிக்காமல் வழவழப்பாக இழைத்தது. ஒரு கீறல் விழுந்தால் மாஸ்டர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வாழ வேண்டும். போனையும் அதன்மேல் வைக்காதீர்கள். படம் எடுக்க ஆசை என்றால் 'ஷஷின், ஈ தெஸ் கா' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். மது கட்டாயமில்லை. 'ஒச்சா' என்றால் பச்சைத் தேநீர் வரும், எனக்கு அதுவே போதும். 'அகாரி' என்று கேட்டால் விவரமானவர் என்று நினைப்பார்கள் என யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வார்த்தை, நாம் எடுக்க வேண்டியதில்லை.

வாசாபி என்ற பச்சைக் காரத் துவையல் ஆகாது என்றால் 'சபி நுகி', சோறு குறைவாகப் போதும் என்றால் 'ஷாரி சுகுனமே' என்று இப்போதே சொல்லலாம். பதினைந்தாவது துண்டில் வயிறு முட்டித் திணறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 5: வைத்ததும் சாப்பிடுங்கள்

விதி இதுதான்.

நிகிரி என்பது வினிகர் கலந்த ஒரு கவளம் சோறு, மேலே ஒரு துண்டு மீன். சோற்றை ஷாரி என்பார்கள், மேலே இருப்பதை நேட்டா என்பார்கள். சோறு உங்கள் உடம்புச் சூட்டில் இருக்கும், மீன் அதைவிடக் குளிர்ச்சியாக. இரண்டும் வாயில் சேர வேண்டிய நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் மாஸ்டர் பிடிக்கிறார். உள்ளே காற்று நிற்கும்படி இலேசாகப் பிடித்திருப்பதால், தட்டில் வைத்ததும் அது தன் எடையில் மெல்ல அமுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பத்து விநாடிக்குள் வாயில் போட்டுவிட வேண்டும். கல்லிலிருந்து வந்த தோசையை வைத்துக்கொண்டு ஒருவன் போனைப் பார்த்தால் அடுப்படியில் நிற்பவருக்கு எப்படி இருக்கும்? அதேதான்.

நான் முதல் நாளில் நான்காவது துண்டை வைத்துக்கொண்டு பக்கத்து நண்பரிடம் ஆபீஸ் கதை பேசினேன். நிமிர்ந்து பார்த்தால் மாஸ்டர் அடுத்ததைப் பிடிக்காமல் கையைக் கழுவிக்கொண்டு நிற்கிறார். கோபம் இல்லை, காத்திருக்கிறார். அவருடைய அடுத்த அசைவு என் வாயில் மாட்டிக்கொண்டிருந்தது.

ஒரே வாயில் போடுங்கள். கடித்துப் பாதியைத் தட்டில் வைத்தால் உதிர்ந்துவிடும். கையாலா குச்சியாலா? இரண்டும் சரி. கையால் சாப்பிட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ஆனால் இங்கே பிசையும் கை கூடாது. கட்டைவிரல் ஒரு பக்கம், இரண்டு விரல் மறுபக்கம், ஒரு குருவிக் குஞ்சைத் தூக்குகிற அழுத்தம் போதும்.

சோயா சாஸ் தேடாதீர்கள். பெரும்பாலான துண்டுகளில் நிக்கிரி ஷோயு (மேலே சொன்ன நிகிரி வேறு) என்ற சாஸைத் தூரிகையால் தடவித்தான் வைப்பார். வாசாபியும் சோற்றுக்கும் மீனுக்கும் நடுவே இருக்கும். சாஸ் கிண்ணம் வைத்திருந்தால், தடவாத துண்டை மட்டும் சாய்த்து மீன் பக்கத்தைத் தொடுங்கள்; சோற்றைத் தொட்டால் அது உப்பை உறிஞ்சிக்கொண்டு உடையும். ஓரத்தில் இருக்கும் இஞ்சி ஊறுகாயின் பெயர் கரி, நம் அடுப்புக்கரி இல்லை. அதைச் சுஷிமேல் வைத்துச் சாப்பிடாமல், இரண்டு துண்டுகளுக்கு இடையே நாக்கைக் கழுவ ஒரு கடி கடியுங்கள்.

படி 6: என்ன சாப்பிடுகிறோம் என்று கவனியுங்கள்

சுஷி என்றால் பச்சை மீன் என்று நினைத்துப் போனவன்தான் நானும். டோக்கியோ பாணியை எடோமாயே என்பார்கள். எடோ இந்த ஊரின் பழைய பெயர், அதன் எதிரே இருக்கும் விரிகுடாவில் பிடித்த மீன் என்று பொருள். 1820-களில் ஹனாயா யோஹேய் என்பவர் இதைப் பரப்பியதாகச் சொல்வார்கள். அன்றைக்கு இது தெருவோரத் தள்ளுவண்டிச் சாப்பாடு, நின்றுகொண்டே இரண்டு மூன்று விழுங்கிவிட்டுப் போவது. ஐஸ் கிடையாது. அதனால் மீன் கெடாமல் இருக்க உப்பில் போட்டார்கள், வினிகரில் முக்கினார்கள், சோயாவில் ஊறவைத்தார்கள், வேகவைத்தார்கள். ஃப்ரிட்ஜ் வந்த பிறகும் சுவைக்காக அவையெல்லாம் அப்படியே தங்கிவிட்டன.

இதை மனதில் வைத்துக்கொண்டால் வரிசை புரிய ஆரம்பிக்கும். முதலில் சின்னச் சின்னத் தொடுகறிகள் வரலாம், த்சுமாமி என்பார்கள். அப்புறம் பெரும்பாலும் தட்டை மீன், கணவாய் போன்ற மெல்லிய சுவைகள். பிறகு சூரை: சிவந்த அகாமி, கொஞ்சம் கொழுப்புள்ள சூட்டோரோ, வெண்ணெய் மாதிரி கரையும் ஓட்டோரோ. இன்று எல்லோரும் உயிரை விடும் இந்த டோரோவை ஒரு காலத்தில் சீக்கிரம் கெடுகிறது என்று தூக்கி எறிந்தார்கள், பூனைகூடத் தாண்டிப் போகும் என்று அதற்குப் பட்டப்பெயர் வேறு.

கொஹாதா வரும்போது பேச்சை நிறுத்திவிடுங்கள். மத்திக்குத் தூரத்து உறவான சின்ன வெள்ளி மீன், விலை மலிவு. ஆனால் அதை எத்தனை நிமிடம் உப்பில் வைப்பது, எத்தனை நிமிடம் வினிகரில் வைப்பது என்பது மீனின் அளவு, கொழுப்பு, அன்றைய வெயிலைப் பொறுத்து மாறும். மாஸ்டரின் கை எப்படி என்று தெரிய விவரம் தெரிந்தவர்கள் பார்ப்பது டோரோவை இல்லை, இதைத்தான். எனக்கு முதல்முறை அது வெறும் புளித்த மீனாகத்தான் பட்டது. நான்காம் முறைதான் பிடித்தது.

சால்மன் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். பச்சைச் சால்மன் சுஷி 1980-களில் நார்வேக்காரர்கள் ஜப்பானில் விற்க முயன்ற பிறகு பரவியது. எடோமாயே கடைகள் பல இன்னும் அதைச் சேர்ப்பதில்லை. ஆனால் சால்மன் சினை, இகுரா, வரும்.

கடைசியில் பஞ்சு மாதிரி வெந்த கடல் விலாங்கு, இனிப்புச் சாஸோடு. பிறகு கேக் போன்ற முட்டை. முட்டை வந்தால் வரிசை முடியப்போகிறது என்று அர்த்தம்.

படி 7: முடிக்கும்போது

இன்னும் ஏதாவது வேண்டுமா என்று மாஸ்டர் கேட்பார். இங்கே ஒமகாசே முடிந்து உங்கள் விருப்பம் ஆரம்பிக்கிறது. மிகவும் பிடித்ததை இன்னொன்று கேட்கலாம், அதற்குத் தனிக் காசு. வேண்டாம் என்றாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பில் கேட்க 'ஒகாய்கெய் ஒனெகாய்ஷிமாஸ்'. டிப்ஸ் வைக்காதீர்கள். விட்டுப்போன பணம் என்று நினைத்துத் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். எழும்போது 'கொச்சிசோசமா தெஷ்தா' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த சுற்று ஆட்களுக்கு இடம் தயார் செய்ய வேண்டும், கதை பேச அந்த இருக்கை இல்லை.

மாடிக் கடை என்றால் மாஸ்டரே லிஃப்ட் வரை வந்து வழியனுப்பலாம், கதவு மூடும்வரை குனிந்தே நிற்பார். நீங்களும் தலையைக் குனியுங்கள், ஆனால் தரைத்தளப் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். நான் மறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு அதே மாடியில் மறுபடி திறந்தது. அவர் இன்னும் குனிந்தபடியே நின்றிருந்தார்.