ஓநாய்க்கான ஆதிச் செமிட்டியச் சொல்லைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

அரபி, எபிரேயம், அரமேயம் எல்லாம் செமிட்டிய மொழிக் குடும்பம், அவற்றின் பொது மூதாதை மொழிதான் ஆதிச் செமிட்டியம். அரபியில் ஓநாய் தி'ப், எபிரேயத்தில் ஸெ'ஏவ், அரமேயத்தில் தேபா (மேற்குறி உள்ள இடத்தில் தொண்டை சட்டென அடைத்துத் திறக்கும்). தமிழ் பைபிளில் மீதியானியரின் அதிபதி சேப் என்று ஒருவன் வருகிறானே, அந்தப் பெயரும் இதே ஓநாய்தான். ஓசை ஒத்துப்போகிறது, அதனால் ஒரே மூலம் என்று உடனே முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. ஓசையை மட்டும் நம்பினால் அரமேயத்தின் தெப்பா, எபிரேயத்தின் தோவ், அரபியின் துப் எல்லாம் இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்துவிடும், ஆனால் அவை மூன்றும் கரடி!

வேறுபாடு ஒழுங்காகத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். பொன்னுக்கு அரபியில் தஹப், எபிரேயத்தில் ஸாஹாவ், அரமேயத்தில் தஹ்பா. ஓநாயில் பார்த்த அதே வரிசை: அரபியில் 'திஸ்' என்று சொல்லும்போது நாக்கு பல்லிடுக்கில் வருகிற ஒலி, எபிரேயத்தில் அதிர்கிற ஸ, அரமேயத்தில் சாதாரண த. கரடியிலோ மூன்றிலும் சாதாரண த. தமிழில் எழுதினால் அந்தப் பல்லிடுக்கு ஒலியும் சாதாரண த-வும் ஒரே 'த' ஆகிவிடும், அதனால் தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்து ஒப்பிடாதீர்கள்.

உயிரொலியை இஷ்டத்துக்கு வைப்பது அடுத்த தவறு. எபிரேயத்தில் 'ஏ' தொண்டை ஒலிக்குப் பின்னால் போயிருக்கிறதே என்று தனிக்கதை கட்ட வேண்டாம், கிணற்றைப் பாருங்கள்: அரபியில் பி'ர், எபிரேயத்தில் பெ'ஏர் (பெயெர்செபாவின் முதல் பாதி). இரண்டு சொல்லும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. ஆக மூலம் *தி'ப்- என்று வைக்கலாம். அந்த நட்சத்திரக் குறியை விட்டுவிடாதீர்கள், எந்தக் கல்வெட்டிலும் கிடைக்காத, கணித்துப் பெற்ற வடிவம் என்பதற்கு அதுதான் அடையாளம். அரபு இதில் பழைய ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, சரி, அதற்காக அது மற்றவற்றுக்குத் தாய் ஆகிவிடாது.

பொருள் மாறினால் சொல்லைத் தூக்கி எறிவதும் தவறு. பழைய மெசபொத்தாமியாவின் செமிட்டிய மொழியான அக்காதியத்தில் ஓநாய்க்கு வழக்கமான சொல் பர்பரு, நம் சொல்லின் வாரிசான ஸீபு நரியைக் குறிக்கும். எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியில் ஸெ'ப் என்றால் கழுதைப்புலி, அங்கே இன்றும் பேசப்படும் அம்ஹாரிக்கில் அது ஜிப். இன்னொரு மொழியான திக்ரிஞ்ஞாவில் ஸெப்'இ என்று தொண்டை ஒலியும் ப-வும் இடம் மாறிக் கிடக்கின்றன. தனியாகப் பார்த்தால் சந்தேகம் வரும், கீஸ் வடிவத்தைப் பக்கத்தில் வைத்தால் போய்விடும்.