கட்டடக்கலை படிக்கப் போகும் திருமலைப் பிள்ளைகள் விடும் பிழைகள்

திருகோணமலையில் கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளையிடம் அடுத்தது என்ன என்று கேட்டால் 'இஞ்சினியரிங்' என்று பதில் வரும். அது சரிவராவிட்டால் என்று இழுத்தால், 'ஆர்க்கிடெக்சரும் போட்டுப் பாக்கலாம்' என்பார்கள். பொறியியலுக்கு இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடும் புள்ளி) காணாதவர்கள் வந்து ஒதுங்கும் இடம் கட்டடக்கலை என்ற இந்த நினைப்புத்தான் பிழைகளுக்குள் மூத்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் பட்டப்படிப்புக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையும் எழுதிச் சித்தியடைய வேண்டும். அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிவித்தலைத் தவறவிட்டால் மூன்று 'ஏ' எடுத்திருந்தும் பயனில்லை. எந்தப் பாடங்களோடு விண்ணப்பிக்கலாம் என்பதையும் ரியூசன் வாசலில் கேட்டு நம்பாமல், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கையேட்டைத் தாங்களே படிப்பது நல்லது. அதே பீடத்தில் நகர, கிராமத் திட்டமிடலும் கணிய அளவையியலும் இருக்கின்றன. உங்கள் மனம் உண்மையில் அவற்றில் ஒன்றில் இருக்கலாம்.

'எனக்குப் படம் கீறத் தெரியாது' என்று ஒதுங்குவதும், 'நான் நல்லாப் படம் கீறுவன், எனக்கு இது சுகம்' என்று நம்பி வருவதும் ஒரே அளவு பிழை. சித்திரத்தில் பரிசு வாங்கிய பிள்ளை முதல் வருடத்தில் திணறுவதையும், கோடு கோணலாகப் போகும் பிள்ளை முன்னுக்கு வருவதையும் பார்க்கலாம். ஸ்டூடியோவில், அதாவது வடிவமைத்துக் காட்டிப் படிக்கும் வகுப்பில், ஆசிரியர் முதலில் கேட்பது ஏன் என்றுதான். கதவு ஏன் இங்கே? படி ஏன் இந்தப் பக்கம்? அழகாக இருக்கிறது என்பது அதற்கு விடையாகாது.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பழக்கத்தைக் கம்பஸ் போனபின் தொடங்கலாம் என்று காத்திருப்பதைத்தான் நான் பெரிய பிழை என்பேன். உயர்தரம் எழுதி முடித்துப் பல்கலைக்கழகம் திறக்கும் வரை மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் ஓட்டோகாட், ஸ்கெச்சப் வகுப்புக்குப் போகிறார்கள். மென்பொருளை எப்போதும் பழகலாம். அதற்கு முன் ஒரு அளவு நாடா வாங்குங்கள். சொந்த வீட்டை அளந்து, தரைப் படத்தைக் கையால் கீறுங்கள். குசினி மேடை எவ்வளவு உயரம், அம்மாவுக்கு அது காணுமா, விறாந்தையில் இரண்டு பேர் காலை நீட்டி இருந்தால் மூன்றாவது ஆள் நடந்து போக இடமுண்டா என்று பாருங்கள். படிக்கட்டு இருந்தால் அதையும் அளவுங்கள். இரண்டு படி உயரத்தோடு ஒரு படியின் மிதி அகலத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் வர வேண்டும் என்பது பழைய கணக்கு. அதிலிருந்து விலகிய படியில் ஏன் கால் இடறுகிறது என்பது அளந்தபின் தானாக விளங்கும்.

பிறகு ஊரைப் பாருங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகிறோம். போர்த்துக்கேயர் 1620களில் தொடங்கி, ஒல்லாந்தர் திருத்திக் கட்டி, ஆங்கிலேயர் 1803இல் பெயர் மாற்றிய கோட்டை அது. அந்தச் சுவரின் தடிப்பைக் கடக்க எத்தனை அடி எடுத்து வைக்கிறோம் என்று நம்மில் யாரும் எண்ணியதில்லை. வெயிலில் நடந்து வந்தவருக்கு வாசலின் உள்ளே மட்டும் ஏன் குளிர்கிறது என்று கேட்டால், வெப்பத்தைப் பற்றிய முதல் விரிவுரையின் பாதி அங்கேயே முடிந்துவிடும். (உள்ளே இராணுவம் இருக்கிறது. நாடாவோடும் கமராவோடும் போகிறவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்குவது புத்தி.)

அடுத்த பிழை வெயிலும் காற்றும் பற்றியது. ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதிய புத்தகங்கள் தெற்குச் சுவருக்கு நிழல் கொடு, வடக்கில் பயமில்லாமல் ஜன்னல் வை என்று சொல்லும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதாவது ஊர் கொதிக்கும் மாதங்களில் மத்தியான வெயில் சாய்வது வடக்குச் சுவரில். அதே மாதங்களில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து தரைவழியாகச் சூடாக வரும். மழையோ வடகிழக்கிலிருந்து, கடல் பக்கமிருந்து, சாய்வாக அடிக்கும். மாணவர் வரைபடங்களில் கடலைப் பார்த்தபடி சுவர் நிறையக் கண்ணாடி, மேலே இறவாரம் கிடையாது. நிலாவெளியில் அப்படி ஒரு அறை கட்டினால் மார்கழியில் கட்டிலை நகர்த்தி வாளி வைக்க வேண்டியிருக்கும். கடற்கரைக் காற்றில் உப்பு இருப்பதால் கம்பியை மூடும் கொங்கிரீட்டும் கடலிலிருந்து தள்ளிய ஊர்களில் போடுவதை விடத் தடிப்பாக வேண்டும். ஊரில் வெடித்து, துருப்பிடித்த கம்பி தெரியும் தூண்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டடப் பொருட்கள் பற்றிய பாடத்தில் அவை உதவும்.

குடியிருக்கப் போகிறவரைக் கேட்காமல் வரைவதும் படிக்கும்போதே தொற்றிக்கொள்ளும் பிழை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் எழுந்த 500 சதுர அடி வீடுகளைப் போய்ப் பாருங்கள். பல வீடுகளின் பின்னால் தகரத்தில் ஒரு பத்தி இறக்கியிருக்கும். அங்கேதான் அடுப்பு. விறகில் சமைக்கும் குடும்பத்துக்குப் புகை போக வழியில்லாத உள்குசினி கொடுத்தால் வேறென்ன நடக்கும்? ஒரே மாதிரியான வீட்டுத் திட்டமென்றால் இப்படித்தான் முடியும் என்று சாட்டுச் சொல்லவும் முடியாது. 1950களில் கண்டி வட்டபுளுவ வீட்டுத்திட்டத்துக்குக் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா குடிவரப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, அவர்களின் பழக்கவழக்கங்களையும் பணவசதியையும் கேட்டறிந்தபின்தான் வீட்டு வகைகளை வரைந்தார். உங்கள் முதல் வீட்டுச் செயற்றிட்டம் மீன்பிடிக் குடும்பத்துக்கு என்றால் வலை எங்கே காயும், எஞ்சின் இரவில் எங்கே இருக்கும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஸ்டூடியோவுக்குள் நடக்கும் பிழைகள் எல்லாருக்கும் தெரிந்தவை, ஆனாலும் நடந்துகொண்டே இருக்கின்றன. மூன்று கிழமை யோசித்துவிட்டுக் கடைசி மூன்று இரவு கண்விழித்து வரைவது. ரெண்டரிங் பளபளக்க, வெட்டுமுகப் படத்தில் படி மேல்மாடி உத்திரத்தில் முட்டுவது. ஜூரியில் (வேலையை ஆசிரியர் குழுவின் முன் விளக்கும் அமர்வில்) விமர்சனம் வந்ததும் முகம் சிவந்து வாய் மூடிக்கொள்வது. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசியில் ஒரு கூடுதல் சுமை உண்டு. பதினொரு, பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுந்து நின்று வாதாட வேண்டும். ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்று பயந்து நல்ல யோசனையை விழுங்குகிறார்கள். சிறிய வாக்கியங்களில் பேசுங்கள், படத்தைக் காட்டிப் பேசுங்கள். ஜூரி முடிந்த இரவே சொன்னதை எழுதி வைக்காவிட்டால் காலையில் கோபம் மட்டுமே ஞாபகமிருக்கும்.

சிங்களம் தெரியாமலே ஐந்து வருடத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பதும் வீண். மூன்று மொழியும் காதில் விழும் ஊரிலிருந்து போகிறோம். அதை விட்டுவிடக் கூடாது. கொழும்பில் வேலைத்தளத்தில் மேசன் பாஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை ஏராளம். சாரத்தில் நிற்கும் மனிதர் 'இப்படிக் கட்டினால் தண்ணி நிற்கும்' என்று சொன்னால், பெரும்பாலும் தண்ணி நிற்கும்.

தொழில் பயிற்சிக்குப் பெயர் பெற்ற அலுவலகம் மட்டும் போதும் என்று அடம்பிடிப்பவர்கள் பலர். பெரிய இடத்தில் மாதக்கணக்கில் மலசலகூட ரைல்ஸ் படம் மட்டும் திருத்திக்கொண்டிருக்கும் வாய்ப்பும் உண்டு. ஒரு கட்டடம் அத்திவாரத்திலிருந்து கூரை வரை போவதைக் காட்டும் சின்ன அலுவலகத்தை நான் தெரிவு செய்வேன். வேலை தேடும்போது போர்ட்ஃபோலியோவில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். நாலைந்து வேலை, அவற்றின் கைவரைபுகள், ஒரு வேலையாவது கட்டுமான விவரப் படத்தோடு இருந்தால் பார்க்கிறவருக்குப் போதும்.

பட்டம் கிடைத்ததும் கட்டடக்கலைஞர் ஆகிவிட்டோம் என்று பெயர்ப்பலகை அடிப்பது சட்டச் சிக்கல். இலங்கை கட்டடக்கலைஞர்கள் நிறுவகம் 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குகிறது. பட்டத்துக்குப் பிறகு அலுவலக அனுபவம், தொழில்முறைப் பரீட்சை, பதிவு என்று வரிசை இருக்கிறது. ஊருக்குத் திரும்பிச் சின்ன வேலைகளில் இறங்கி, அந்தப் பரீட்சையை அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று தள்ளிப் போடுகிறவர்கள் அதிகம்.

ஊர் வேலை என்றால் முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாமா. உப்புவெளியில் காணி வாங்கியிருப்பார், நாலு அறை வைத்து விடுதி வேண்டும் என்பார். கடலின் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981இன் கரையோரம் பேணல் சட்டப்படி அங்கே கட்டுவதற்கு அனுமதி வேண்டும், உள்ளூராட்சி மன்ற அனுமதி அதற்கு மேலதிகம். இதைக் காணி வாங்க முன்னமே சொல்ல முடிந்தால் உத்தமம், படம் கீற முன்னமாவது சொல்லிவிடுங்கள். கட்டணத்தையும் சொந்தம் என்று கூச்சப்பட்டு வாயால் முடிக்க வேண்டாம். எந்தெந்தப் படங்கள், எத்தனை திருத்தம் வரை, தளத்துக்கு யார் எப்போது வருவது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, மாமாவிடம் கையெழுத்து வாங்கியபின் பென்சிலைத் தொடுங்கள்.