லொறி சாரதிக்குத் தொழிற்சங்கம் உதவுமா? கொழும்பில் இருந்துகொண்டு சங்கம் அமைப்பது எப்படி

உதவும். லொறி ஓட்டுபவர்களுக்கு மற்றத் தொழிலாளர்களைவிடக் கூடுதலாகவே உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நம்மில் பலருடைய வருமானத்தில் பெரும்பகுதி எழுத்தில் இல்லாத காசு: ட்ரிப் காசு, பட்டா (சாப்பாட்டுச் செலவுக் காசு), லோட் இறக்கும்போது கிடைக்கும் கைக்காசு. எழுத்தில் இல்லாததைத் தனியாளாகப் போய்க் கேட்டால் "பிடிக்காவிட்டால் சாவியை வைத்துவிட்டுப் போ" என்பதுதான் பதில். பத்துப் பேர் கையெழுத்தோடு ஒரு கடிதம் போனால் உட்கார்ந்து பேசவாவது செய்வார்கள். ஆனால் சந்தா கட்டிய மாதமே சம்பளம் ஏறும் என்று எதிர்பார்த்துச் சேராதீர்கள். அப்படிச் சேர்ந்தவர்கள்தான் முதலில் விலகுவார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கொழும்பில் "லொறிக்காரர் போராட்டம்" என்று செய்தி வந்தால் பெரும்பாலும் அது கன்டெய்னர் லொறி அல்லது பவுசர் (எரிபொருள் தாங்கி) உரிமையாளர்களின் சங்கம். அவர்கள் பேசுவது ஹயர் கட்டணத்தையும் (லொறி வாடகையையும்) டீசல் விலையையும் பற்றி. அதில் தப்பில்லை, ஹயர் ஏறாமல் முதலாளியால் சம்பளம் கூட்டவும் முடியாதுதான். ஆனால் ஏறிய ஹயரில் உங்களுக்கு எவ்வளவு என்று அந்தச் சங்கம் பேசாது. 2025 ஜனவரியில் துறைமுகத்தில் கன்டெய்னர்கள் தேங்கி லொறிகள் வரிசையில் கிடந்தபோது முதலாளிக்கு ஹயர் நட்டம் என்று எல்லோரும் பேசினார்கள். ட்ரிப்புக்குக் காசு வாங்குகிற சாரதி அந்த வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க சாரதிகளின் சொந்தச் சங்கம் வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? சம்பளச் சிட்டையில். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா, ட்ரிப் காசு மாதம் 45,000 என்று வையுங்கள். முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள். பல இடங்களில் இதையெல்லாம் அந்த 30,000க்கு மட்டும்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் துண்டு விலையாகவோ கமிஷனாகவோ கொடுக்கும் கூலிக்கும் இந்த நிதிகள் சேரும். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று தரும் காசும் அந்த வகைதான். (ஓவர்டைம் மட்டும் இதில் சேராது.) 75,000க்குக் கணக்கிட்டால் முதலாளி பக்கமிருந்து மாதம் 4,500க்குப் பதில் 11,250 வர வேண்டும். வித்தியாசம் 6,750 ரூபா, ஆண்டுக்கு 81,000. உங்கள் பக்கத்தில் 3,600 ரூபா கூடுதலாகக் கழியும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையில் வருவது குறைந்த முதல் மாதமே ஆட்கள் சங்கத்தைத் திட்டுவார்கள். அது உங்கள் பெயரிலேயே சேர்கிற காசு என்று விளக்கினால் புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் தேசிய ஆகக்குறைந்த சம்பளம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது, 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் உயர்ந்தது. அதற்குக் கீழே அடிப்படைச் சம்பளம் இருந்தால் பேச்சுவார்த்தையே தேவையில்லை, நேரே தொழில் திணைக்களத்தில் முறைப்பாடுதான். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். இதெல்லாம் ஏற்கெனவே சட்டத்தில் உள்ளவை. சங்கத்தின் முதல் வேலை புதிதாக எதையும் வெல்வது இல்லை, இருப்பதை வசூலிப்பது. என் அனுபவத்தில், ஆட்களுக்கு நம்பிக்கை வருவதும் இதில்தான்.

அதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். ரன்னிங் சார்ட் (தினசரி ஓட்டக் குறிப்பு) கம்பெனிக்குப் போய்விடும், அதனால் ஒவ்வொரு நாளும் அதைக் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுங்கள்: புறப்பட்ட நேரம், மீட்டர், இறக்கிய இடம், திரும்பி வந்த நேரம். கேட் பாஸிலும் டெலிவரி நோட்டிலும் நேர முத்திரை இருக்கும், அதையும் எடுங்கள். பேலியகொட மெனிங் சந்தையில் விடியுமுன் வந்து நின்று, நாட்டாமி (மூட்டை தூக்குபவர்) வந்து இறக்கி முடியும்வரை காத்திருந்த நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். லோடில் மூட்டை குறைந்தது என்று சம்பளத்தில் வெட்டினால், எந்தத் திகதி, எவ்வளவு, நீங்கள் எழுத்தில் சம்மதித்தீர்களா என்பதையும் எழுதுங்கள். சில மாதக் குறிப்பு இருந்தால் தொழில் திணைக்கள உத்தியோகத்தரிடம் பேசும்போது உங்கள் குரலே மாறிவிடும்.

இப்போது ஆட்கள். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். ஏழு பேரும் கையெழுத்திட்ட விண்ணப்பம், சங்கத்தின் விதிகள், பதவி வகிப்பவர்களின் விபரம், இவற்றைச் சங்கம் தொடங்கி மூன்று மாதத்துக்குள் தொழிற்சங்கப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் இதைச் செய்யலாம், தமிழிலேயே எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த ஏழு பேரை எடுக்கும்போது ஒரே ஊர்க்காரர், ஒரே மொழிக்காரர் என்று எடுக்காதீர்கள். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், கிராண்ட்பாஸ்காரர், கம்பஹாவிலிருந்து வரும் சிங்களச் சாரதி எல்லோரும் அதில் இருக்க வேண்டும், கூட்டத்தில் பேசுவதை இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு மொழியில் மட்டும் நடக்கும் சாரதிகள் சங்கத்தை முதலாளி ஒரு வாரத்தில் பிரித்துவிடுவார். கிளீனர்களையும் சேருங்கள், அவர்கள்தான் இன்னும் குறைவாக வாங்குகிறார்கள்.

பதிவு செய்வது ஆரம்பம்தான். முக்கியமான எண் 40. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, யாருக்காகப் பேசுகிறதோ அந்தத் தொழிலாளர்களில் 40 வீதத்துக்குக் குறையாதவர்கள் சங்கத்தில் இருந்தால் முதலாளி பேச்சுவார்த்தைக்கு மறுக்க முடியாது. சங்கத்தில் இருப்பதற்காக வேலையை விட்டு நிறுத்துவதும் அதே திருத்தத்தின்படி குற்றம். இதில் ஒரு கசப்பான விடயம் உண்டு: சங்கம் நேரே நீதிமன்றம் போய் இந்த வழக்கைப் போட முடியாது, தொழில் திணைக்களம்தான் போட வேண்டும், அது அடிக்கடி நடப்பதும் இல்லை. ஆகவே 40 வீதத்தைத் தொடும்வரை சத்தம் போடாதீர்கள். பெயர்ப்பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நேரில், ஒருவர் ஒருவராக, தேநீர்க் கடையில் பேசிச் சேருங்கள்.

பேச்சுவார்த்தையில் என்ன கேட்பது? "சம்பளத்தைக் கூட்டு" என்று மட்டும் போனால் ஒரு தொகையைக் கூட்டிவிட்டு அடுத்த மாதம் ட்ரிப் காசில் குறைத்துவிடுவார்கள். ட்ரிப் விலைப்பட்டியலை எழுத்தில் கேளுங்கள், எந்த ஊருக்கு எவ்வளவு என்று. இத்தனை மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றால் மணிக்கு இவ்வளவு என்று கேளுங்கள். இரவு முழுக்க ஓட்டியவரைக் காலையிலேயே அடுத்த லோடுக்கு அனுப்பக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். என்னைக் கேட்டால் சம்பள உயர்வுக்கும் முன்னால் வைக்க வேண்டிய கோரிக்கை இதுதான், ஏனென்றால் தூக்கத்தில் ஸ்டியரிங் பிடித்தவருக்குப் பிறகு எந்தச் சம்பளமும் பயன்படாது, ரோட்டில் நடந்து போனவருக்கும்தான். முடிவை வாய்ப்பேச்சில் விடாமல் கூட்டு ஒப்பந்தமாக எழுதி தொழில் ஆணையாளரிடம் கொடுங்கள். நம் நாட்டில் அந்த வழக்கம் தொடங்கியதே கொழும்பில்தான்: 1929இல் ட்ராம் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நடந்த அதே ஆண்டில், ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கமும் முதலாளிமார் சம்மேளனமும் உடன்படிக்கை செய்துகொண்டன.

வெளிநாட்டு அனுபவமும் இதையேதான் காட்டுகிறது. அமெரிக்காவில் டீம்ஸ்டர்ஸ் சங்கம் 1964இல் சுமார் 4 இலட்சம் லொறி சாரதிகளை ஒரே ஒப்பந்தத்தின் கீழ் கொண்டுவந்தது, அந்தக் காலத்தில் லொறி ஓட்டுவது நல்ல சம்பளமுள்ள வேலை. 1980இல் சரக்குப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய சட்டம் வந்ததும் சங்கமில்லாத கம்பெனிகள் குறைந்த கட்டணத்தில் உள்ளே வந்தன, சங்கம் சுருங்கியது, விலைவாசியோடு ஒப்பிட்டால் சம்பளமும் இறங்கியது. தென்கொரியாவில் லொறி சாரதிகளின் சங்கம் போராடி, கன்டெய்னருக்கும் சிமெந்துக்கும் ஆகக்குறைந்த கட்டணத்தை 2020இல் கொண்டுவர வைத்தது. அந்த ஏற்பாடு 2022 முடிவில் காலாவதியானது, அதை நீடிக்கச் சொல்லி அந்த ஆண்டில் இரண்டு தடவை வேலைநிறுத்தம் செய்தும் அப்போது முடியவில்லை. வென்றதை ஆட்பலத்தோடு காக்காவிட்டால் அது திரும்பப் போய்விடும்.

வேலைநிறுத்தம் என்ற பேச்சைக் கடைசிக்கு வையுங்கள். 1980 ஜூலையில் நம் நாட்டில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேர் வேலை இழந்ததை நம் மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை, அந்தப் பயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். எரிபொருள் விநியோகம், துறைமுகச் சேவை போன்றவற்றை அரசாங்கம் அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவிப்பது வழக்கம். அப்படி அறிவித்திருக்கும்போது வேலைக்குப் போகாமல் இருந்தால் சட்டச் சிக்கல் வரும். அத்தியாவசியக் கைத்தொழில் என்று அறிவித்த இடத்தில் 21 நாள் முன்னறிவித்தல் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு சட்டத்தரணியிடம் கேட்காமல் திகதி குறிக்காதீர்கள். இடையில் யாரையாவது வேலையை விட்டு நிறுத்தினால் தாமதிக்க வேண்டாம்: வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அது கடந்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் கதவு மூடிவிடும்.

இரண்டு லொறி, மூன்று லொறி வைத்திருக்கும் முதலாளியிடம் ஓட்டுபவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். புறக்கோட்டையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் என்று தோன்றுகிறது. தனிச் சங்கம் வேண்டாம், பல முதலாளிகளிடம் வேலை செய்பவர்களைச் சேர்க்கும் பொதுச் சங்கம் ஒன்றில் சேருங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று சம்பளச் சபை இருக்கிறது, அதில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் உட்காருகின்றன. அங்கே நிர்ணயிக்கும் சம்பளம் சங்கத்தில் இல்லாதவருக்கும் சேரும். சேமலாப நிதிக்கோ ஆள் கணக்கே கிடையாது, ஒரே ஒரு சாரதியை வைத்திருந்தாலும் முதலாளி கட்டியாக வேண்டும். சேரும் முன் அந்தச் சங்கத்திடம் மூன்று விடயம் கேளுங்கள்: கடைசியாகப் பதிவாளருக்குக் கொடுத்த வருடக் கணக்கைக் காட்டுவீர்களா, பதவியில் இருப்பவர்களில் எத்தனை பேர் இப்போதும் வண்டி ஓட்டுகிறார்கள், கடைசியாக எந்த முதலாளியிடம் எந்தச் சாரதிக்காக என்ன வாங்கிக் கொடுத்தீர்கள். மூன்றாவது கேள்விக்கு ஆளையும் இடத்தையும் சொல்லிப் பதில் சொல்பவர்களிடம் சந்தாவைக் கொடுங்கள்.