நெஞ்சுச் சவ்வில் ஒற்றைக் கட்டி: கண்டறிகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்குப் புளூரா என்று பெயர். அதில் ஒற்றையாக வளரும் நார்க்கட்டி அரிது. சவ்வெங்கும் பரவும் கட்டி வேறு, இது வேறு என்று கிளெம்பரர், ராபின் என்ற மருத்துவர்கள் 1931இலேயே பிரித்துக் காட்டினார்கள். இருந்தும் வேறு நோய்களின் பெயரில் இது மாதக்கணக்கில் மறைந்து கிடக்கிறது. பெரும்பாலும் முழுதாக வெட்டி எடுத்தாலே குணமாகிற கட்டி என்பதால், வீணாகும் அந்த மாதங்கள் மனதை உறுத்துகின்றன.

முதற் பிழை எக்ஸ்ரேயிலேயே நேர்கிறது. நெஞ்சின் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தால் நீர் கட்டியிருக்கிறது என்று அதை எடுக்க ஊசி குத்துகிறார்கள். ஒன்றும் வராது, அல்லது இரத்தம் வரும். இந்தக் கட்டியில் இரத்தக்குழாய்கள் அதிகம். ஊசிக்கு முன் அல்ட்ராசவுண்ட் பார்த்தால் நீரா கட்டியா என்பது தெரிந்துவிடும்.

காசநோய் என்று ஆதாரமின்றி மருந்தைத் தொடங்கி, 6 மாதம் முடியும்வரை காத்திருப்பது அடுத்த பிழை. சளியில் கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை, கட்டியின் ஓரம் வழுவழுப்பாக இருக்கிறது என்றால் படம் தெளிவாக விழ உதவும் கொன்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி சி.டி. ஸ்கான் எடுக்க வேண்டும். அதிலும் கவனம் தேவை. சிறிய கட்டி நெஞ்சுச் சுவரோடு விரிகோணத்தில் சேரும். பெரிதானால் கூர்ங்கோணமாகி, நுரையீரலுக்குள் பிறந்தது போலத் தோன்றும். காம்பில் தொங்கும் கட்டி, நின்று எடுத்த படத்தில் ஓரிடத்திலும் படுத்து எடுத்ததில் வேறிடத்திலும் இருக்கும். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும். மேல்சிகிச்சைக்குக் கொழும்புக்கு அனுப்பும்போது அறிக்கையை மட்டும் கொடுத்துவிடாமல் படங்களையும் ஸ்கான் பதிந்த தட்டையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.

அதிகம் தவறவிடப்படுவது இரத்தத்தில் சீனி இறக்கம். சிலருக்கு இந்தக் கட்டி ஐ.ஜி.எஃப்-2 என்ற இன்சுலின் போன்ற பொருளைச் சுரக்கிறது. கட்டியோடு சேர்ந்து வரும் சீனி இறக்கத்தை 1930இலேயே டோகே, பொட்டர் என்ற மருத்துவர்கள் தனித்தனியே எழுதினார்கள். விடியப்புறம் வியர்வை, தடுமாற்றம், மயக்கம். நோன்பு காலமென்றால் பசி மயக்கம் என்பார்கள். சலரோகக்காரர் என்றால் குளுசையைக் குறைத்துவிட்டு அனுப்புவார்கள். சீனி 55 மி.கி./டெ.லீ.க்குக் கீழே இருக்கும் அந்த நேரத்திலேயே இன்சுலினுக்கும், உடல் இன்சுலினோடு சேர்த்துச் சுரக்கும் சி-பெப்டைடுக்கும் இரத்தம் எடுத்துவிட்டு, தாமதிக்காமல் டெக்ஸ்ட்ரோஸ் (சீனிக் கரைசல்) ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்த இரத்தம் எதையும் சொல்லாது. இரண்டும் குறைவாக இருந்தால் சீனி இறங்கியது இன்சுலினால் அல்ல, கட்டியைத் தேடி நெஞ்சையும் வயிற்றையும் படம் பிடிக்க வேண்டும். விரல்நுனி புடைத்து மூட்டு வலிப்பவருக்கு வாதம் என்று எண்ணெய் பூசிக்கொண்டிருப்பதும் இதே வகைத் தவறு. அதுவும் இந்தக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம்: அவருக்கும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே தேவை.

பயொப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) மெல்லிய ஊசியால் உறிஞ்சிய செல்கள் பெரும்பாலும் போதாது. தடித்த கோர் ஊசியால் பல துண்டுகள், கட்டியின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து எடுத்து, திசுவின் 10 மடங்கு ஃபோர்மலினில் இட வேண்டும். திசுவில் சி.டி.34 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் மட்டும் ஏறினால் முடிவு கட்டக் கூடாது, அது வேறு பல கட்டிகளிலும் ஏறும். நம்பத்தக்கது செல்லின் கருவில் ஏறும், ஸ்டாட்6 என்ற புரதத்துக்கான சாயம். இதன் அடிப்படையான மரபணு இணைவு 2013இல் வெளியானது. கெரட்டின், கல்ரெட்டினின் என்ற புரதங்களுக்கான சாயங்கள் ஏறினால், அஸ்பெஸ்டஸால் வரும், சவ்வெங்கும் பரவும் புற்றான மீசோதீலியோமாவை நினைக்க வேண்டும். பழைய அறிக்கைகளில் இந்தக் கட்டிக்கே ‘தீங்கற்ற மீசோதீலியோமா’ என்று பெயர் இருந்ததால், அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் வாழும் குடும்பங்கள் வீணாகக் கலங்கிப்போகின்றன. அஸ்பெஸ்டஸுக்கும் ஒற்றை நார்க்கட்டிக்கும் தொடர்பு காணப்படவில்லை.

சிறு துண்டைப் பார்த்து ‘சாதுவானது’ என்று உறுதி கொடுப்பதும் தவறு. செல் பிளவு, அழுகல், செல் நெருக்கம் ஆகியவற்றை முழுக் கட்டியிலும்தான் எண்ண முடியும். சாதுவென்று அறிக்கை வந்தவருக்கும் 10 ஆண்டு கழித்துத் திரும்பியதுண்டு. அறுவைக்குப் பின் பழைய விடியற்கால மயக்கமோ விரல்நுனிப் புடைப்போ மீண்டும் தலைகாட்டினால், கொப்பியில் எழுதிய கிளினிக் திகதிவரை காத்திராமல் அந்த வாரமே ஸ்கான் எடுக்க வேண்டும்.