ஸ்டிக்லி ஓக் நாற்காலியில் உப்புத்தாள் வேண்டாம்

1900-களில் அமெரிக்காவின் சிராக்யூஸ் அருகே, கஸ்டவ் ஸ்டிக்லி பட்டறையில் செய்த ஓக் நாற்காலி கைக்கு வந்தால், அழுக்கைப் பார்த்ததும் உப்புத்தாளைத் தேடாதீர்கள். அந்தப் பழுப்பு வெறும் மேல்பூச்சு அல்ல. அமோனியா ஆவி ஓக் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே ஏறிய நிறம். ஆனால் ஆழம் குறைவு. தேய்த்தால் கைப்பிடி விளிம்புதான் முதலில் வெளிறும். பிறகு சாயம் பூசி ஒப்பேற்றினாலும் திட்டுத் திட்டாகத் தெரியும்.

மினரல் டர்பன்டைனில் பருத்தித் துணியை லேசாக நனைத்து, முதலில் இருக்கைக்கு அடியில் சோதித்துவிட்டு, மர ரேகையின் போக்கில் துடையுங்கள். ஸ்பிரிட் (ஆல்கஹால்) கூடவே கூடாது, மேலே பூசிய பழைய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) கரைந்து பிசுபிசுக்கும். ஒரு நாள் உலரவிட்டு, தேன்மெழுகு பாலிஷை மிக மெல்லிசாகத் தடவி, 20 நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் மெருகேற்றுங்கள். பின்காலிலோ கைப்பிடியின் அடிப்பக்கத்திலோ ஸ்டிக்லியின் அடையாளமான சிவப்புக் காம்பஸ் (வட்டம் வரையும் கவராயம்) முத்திரை இருந்தால், அந்த இடத்தில் துணியே படக்கூடாது. விலைக்கு அது முக்கியம்!